அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பலகை

ஆடி அமாவாசை அன்று விடியற்காலை நாலு மணிக்கே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் நெரியும். சிறுவயதில் அப்பா என்னையும் கூட்டிப்போவார். காவிரியில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்து, புரோகிதர் கேட்கக் கேட்க முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். கடைசியாக வருவது அப்பாயியின் தம்பி பெயர், அப்பாவுக்குத் தாய்மாமன். "இவர் தவறின திதி என்னங்க?" என்று புரோகிதர் கேட்பார். "தெரியாதுங்க சாமி. சயாம் காட்டுல. நாப்பத்து மூணோ, நாலோ." புரோகிதர் ஒரு நொடி நிறுத்திவிட்டு, "அப்ப அமாவாசையிலேயே சேத்துக்குங்க" என்று எள்ளையும் தண்ணீரையும் அப்பா கையில் விடுவார். அப்பாயி மேல்படியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெயர் வரும்போது மட்டும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்ளும்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் ஓர் எஞ்சினைப் பற்றி 'தேதி தெரியாது' என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் கம்பெனி கட்டியது, எந்த ஆண்டு, எத்தனையாவது எஞ்சின் என்று தகட்டில் பொறித்திருக்கும். பாய்லருக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. எப்போது திறந்தார்கள், எந்தக் குழாயை மாற்றினார்கள், எந்தத் தேதியில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். பொன்மலையில் பழுது பார்த்து வெளியே போகும் ஒரு சாதாரணப் பெட்டியின் ஓரத்தில்கூட வேலை முடிந்த தேதியும் ஜி.ஓ.சி. என்ற எங்கள் மூன்று எழுத்தும் பெயிண்டில் இருக்கும். இரும்புக்கு இத்தனை கணக்கு வைக்கிறோம். அந்த இரும்புக்குச் சயாம் காட்டில் பாதை போட்டுச் செத்த மனிதனுக்கு ஒரு தேதிகூட இல்லை என்பது என்னை வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் 2019இல் எங்களை, அந்தக் காலத்துச் சயாமான தாய்லாந்துக்குக் கூட்டிப்போனான். பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் ஏறினால் ரயில் காஞ்சனபுரிக்குப் போகிறது. ஊர்ப்பெயருக்கு அர்த்தம் பொன்னகரம். பொன்மலையில் சம்பளம் வாங்கியவனுக்கு அந்தப் பெயரைப் படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊரை ஒட்டிய குவாய் ஆற்றுப் பாலத்தை உலகமே சினிமாவில் பார்த்திருக்கிறது. பாலத்துக்கு முன்னால், நிலையத்தின் ஓரத்தில், கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு சிறிய நீராவி எஞ்சின் நின்றது. ஜப்பானின் சி 56.

மனைவியும் மகனும் பாலத்தில் நடக்கப் போய்விட்டார்கள். நான் எஞ்சினைச் சுற்றி வந்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று பெரிய சக்கரம், முன்னால் ஒரு சின்னச் சக்கரம். பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் இரண்டு தோளையும் செதுக்கினாற்போல் உள்ளே ஒடுக்கியிருந்தார்கள். ஏன் என்று வேலை தெரிந்தவனுக்குப் பார்த்ததும் புரியும். கடைசி நிலையத்தில் எஞ்சினைத் திருப்ப வட்டமேடை இல்லாத கிளைப்பாதைக்கென்று செய்தது அது. திரும்பிவரும்போது பின்பக்கமாகவே ஓட வேண்டும், டிரைவருக்குப் பின்னால் பாதை தெரிய வேண்டும். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மலைக்காட்டுப் போர்ப்பாதைக்கு ஜப்பான் ராணுவம் இந்த வகையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது எடை குறைந்ததாக இருந்ததும் ஒரு காரணம்.

சக்கரத்தின் அடியில் குனிந்து அச்சைப் பார்த்தேன். ஜப்பானில் தண்டவாள இடைவெளி 1,067 மில்லிமீட்டர். சயாம், பர்மா, மலாயா எல்லாம் நம்மூர் மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். வித்தியாசம் நாலு விரற்கடைகூட இல்லை. ஆனால் அந்த 67 மில்லிமீட்டருக்காகச் சக்கரத்தை அச்சில் உள்ளே தள்ள வேண்டும், பிரேக் கட்டைகளும் கூடவே நகர வேண்டும். 1935 முதல் 1939 வரை கட்டிய இந்த வகை எஞ்சின்களில் முதல் 90 எண்களை அப்படி மாற்றி, 1941-42இல் கப்பலேற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார்கள். நான் தொட்டுப் பார்த்தது அவற்றில் ஒன்றை.

அந்த 90இல் சிலதுக்கு நல்ல கதி கிடைத்திருக்கிறது. 1943 அக்டோபர் 25ஆம் தேதி சயாம்-பர்மா ரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் சி 56 31. போருக்குப் பிறகு தாய்லாந்து ரயில்வேயில் வேறு எண்ணோடு உழைத்தது. அந்தப் பாதையில் பணியாற்றிய ஜப்பானிய ராணுவத்தினர் பணம் திரட்டி, 1979இல் அதைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்று டோக்கியோவில் யசுகுனி ஆலயத்தின் போர் அருங்காட்சியக முகப்பில், கூரைக்கு அடியில், துடைத்து மெருகேற்றி நிற்கிறது. அதே ஆண்டு திரும்பிப்போன இன்னொன்று, சி 56 44, ஓயிகாவா என்ற மலையோரப் பாதைக்கு வந்து பயணிகளை இழுத்தது. குழந்தைகள் பார்த்து மகிழ அதற்குச் சில காலம் சிவப்பு வண்ணம்கூடப் பூசினார்கள். தாய்லாந்திலும் இரண்டு எஞ்சின்களை விசேஷ நாட்களில் ஓட்டும் நிலையில் வைத்திருக்கிறார்கள். பாதையின் பர்மா முனையான தன்பியூசாயாத்தில் உள்ள அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது.

இதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நீராவி எஞ்சினை எழுபது எண்பது வருஷம் காப்பாற்றுவது லேசான வேலை அல்ல. பாய்லருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. புகைப்பெட்டியின் அடியில் சாம்பலோடு மழைநீர் சேர்ந்தால் இரண்டு மழைக்காலத்தில் தகடு அப்பளமாகிவிடும். இணைப்புத் தண்டுகளில் கிரீஸ் இருக்க வேண்டும். தலைக்கு மேல் கூரை வேண்டும். நம் ஊர்களில் நிலையத்து வாசலில் மேடை கட்டி நிறுத்திய எஞ்சின்களைப் பாருங்கள். துருவின் மேலேயே பெயிண்ட், அதன்மேல் இன்னொரு பெயிண்ட். தண்டுகளுக்கு வெள்ளி வர்ணம். அடியில் கைவைத்தால் உதிரும். அது பாதுகாப்பு ஆகாது. பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் செய்த அலங்காரம்.

ஆனால் காஞ்சனபுரியில் அந்த எஞ்சினைச் சுற்றி மூன்று முறை வந்தும் நான் தேடியது கிடைக்கவில்லை. தமிழில் ஒரு வரி தேடினேன்.

அந்த வரி ஏன் வேண்டும் என்பதை எங்கள் ஊர் ரயிலிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது 1860களின் தொடக்கத்தில். தென்னிந்தியாவின் பழைய பாதைகளில் ஒன்று. முதலில் அகலப்பாதையாகப் போட்டு, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். அந்தப் பாதைதான் திருச்சி, தஞ்சை மாவட்டத்துக் கூலிக்காரர்களை நாகைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியது. கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுப்பான். நாகையில் கப்பல், பினாங்கில் இறக்கம், அங்கிருந்து ரப்பர் தோட்டம். 1938இல் இந்திய அரசு கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. அப்பாயியின் தம்பி அதற்கு முந்தின வருஷம் லால்குடி பக்கத்து ஊரிலிருந்து புறப்பட்டுவிட்டார். ரஜூலா கப்பலில் போனதாக அப்பாயி சொல்லும். இரண்டு கடிதம் வந்தது. பிறகு மலாயாவில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான்.

மிச்சக் கதை 1946இல் அதே தோட்டத்திலிருந்து திரும்பிவந்த ஒருவர் வாய்மொழியாக வந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லித் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். ஆள் சேராத இடத்தில் இலவசமாகச் சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள். வேலை சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலை, காடு, ஆறு. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். அந்த அவசரத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு பக்கத்துக் கணக்கு சரியாக இருக்கிறது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுபக்கம் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம், இறந்தவர்கள் சுமார் 90,000. இந்த 'சுமார்' என்ற சொல்லுக்குள்தான் எங்கள் தாத்தா இருக்கிறார். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர்கள்.

கைதிகளுக்கு ராணுவ ஒழுங்கு இருந்தது, கூடவே மருத்துவர்கள் இருந்தார்கள், யார் எப்போது செத்தார் என்று ஒளித்து ஒளித்தாவது எழுதிவைத்தார்கள். தோட்டத்து ஆளுக்கு எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்கள் அப்படியே காலியாயின. புதைத்த இடத்துக்குக் குறி கிடையாது. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே இடத்தில் கிடைத்தன.

பாலத்தைப் பார்த்த கையோடு ஊருக்குள் உள்ள போர்க்கைதிகள் கல்லறைக்குப் போனோம். கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறை. வெட்டிவிட்ட புல், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பூச்செடி. பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த தேதி. 22 வயது, 24 வயது என்று படித்துக்கொண்டே போனேன். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, இப்படித்தான் வைத்துப் போற்ற வேண்டும். பிறகு தாவோர்ன் வராராம் என்ற புத்தக் கோயிலுக்குப் போனோம். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவிடம் அங்கே இருக்கிறது. என் மனைவி சன்னதி மாலை வாங்குவது போல ஒரு பூச்சரம் வாங்கி அங்கே வைத்தாள். எள் கொண்டுவரவில்லையே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அந்தக் கோயிலில்தான் 2023இல் தமிழ் உழைப்பாளிகளுக்கு நடுகல் நாட்டினார்கள். போரில் செத்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். எண்பது வருஷம் கழித்து அது நடந்தது. செய்தியைப் பேப்பரில் படித்த அன்று அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றினேன். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் இந்தப் பாதையின் கதையை 'சயாம் மரண ரயில்' என்று நாவலாகவே எழுதிவைத்திருக்கிறார். ஆக, முயற்சி அங்கே இருக்கிறது. ஆள் போன ஊரில், நம் திருச்சியில், இதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

'சயாம் கதைக்குத் திருச்சியில் என்ன வேலை' என்று கேட்பவர்கள் உண்டு. வேலை இருக்கிறது. இந்த ஊர் ரயிலால் வளர்ந்த ஊர். 1920களின் கடைசியில் நாகையிலிருந்து பணிமனையைப் பெயர்த்து பொன்மலைக்குக் கொண்டுவந்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1928 வேலைநிறுத்தமும், 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ரயிலுக்காக உயிரைக் கொடுத்தவர்களை வருஷா வருஷம் நினைக்கிற ஊர் இது. அந்த நினைவில் சயாம் பாதையில் செத்தவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினைப் புதிதாகவே கட்டத் தெரிந்த கைகள் உலகத்தில் அதிகம் இல்லை. பொன்மலையில் இருக்கின்றன. நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் புதிய பல்சக்கர எஞ்சினை 2011இல் இங்கே கட்டி வெளியே விட்டோம், அந்த வேலையில் நானும் ஒருவன். நான் ஓய்வு பெற்ற பிறகு, நிலக்கரியில் ஓடுவதையும் 2021இல் கட்டினார்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் அது. அதைக் கட்டுகிறவர்களுக்கு இரண்டு சிலிண்டர் சி 56இன் முழு அளவு மாதிரியைச் செய்வது பெரிய காரியம் இல்லை. பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். அசல் எஞ்சினைக் கடல் கடந்து கொண்டுவர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

நான் கேட்பது சிறியது. திருச்சி ஜங்ஷன் அருகே 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பத்து மீட்டர் நீளத்துக்கு மீட்டர் கேஜ் தண்டவாளம் போடுங்கள். கான்கிரீட் வேண்டாம், மரச் சிலிப்பர் கட்டையிலேயே போடுங்கள். ஒரு கட்டையைத் தோளில் தூக்கிப் பார்த்தவனுக்கு அந்தக் கனம் தெரியும். பொன்மலையில் இளவயதில் நாலு பேராகத் தூக்கியிருக்கிறோம், வயிறு நிறையச் சாப்பிட்ட நாலு பேர். அதே கட்டையை அரைவயிற்றுக் கஞ்சியோடு, காய்ச்சலோடு, சேற்றில் தூக்கியிருக்கிறார்கள். பாதைக்கு மேல் அந்த முழு அளவு மாதிரி எஞ்சின். பக்கத்துச் சுவரில் பெயர்கள்.

சுவரில் எழுதப் பெயர் எங்கே என்று கேட்பீர்கள். பெயர் வீடுகளில் இருக்கிறது. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், பெரம்பலூர், அரியலூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் 'மலாயாவுக்குப் போனவர் திரும்பலை' என்று ஒரு வரி இருக்கும். பரணில் ஒரு தகரப்பெட்டி, அதில் பினாங்கு முத்திரை குத்திய ஒரு கடிதம், ஒரு தோட்டத்தின் பெயர். அதைச் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறைக்கு இப்போது என் வயது. எங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

இந்த இரண்டாம் உலகப் போரில் பாதையை இழந்த ஊர்கள் நம் பக்கமும் உண்டு. மதுரை-போடி பாதையின் தண்டவாளத்தைப் போர்த் தேவைக்கென்று வெள்ளைக்காரன் பெயர்த்துக்கொண்டு போனான். சுதந்திரம் வந்த பிறகு 1950களில்தான் மறுபடி போட்டார்கள். ஜப்பான்காரன் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்து அந்தத் தண்டவாளத்தைச் சயாம் காட்டுக்குக் கொண்டுபோனான். அமெரிக்காவில் கட்டி அசாம், பர்மாப் போர்முனைக்காக வந்த மெக்ஆர்தர் எஞ்சினும் இதே மீட்டர் கேஜ்தான், போருக்குப் பிறகும் பல வருஷம் நம் நாட்டில் ஓடியது. இரண்டு பக்கத்து எஞ்சினுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், புத்தகங்கள் இருக்கின்றன. தண்டவாளம் பெயர்ந்தது எத்தனை மைல் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அதைப் போட்டவன் ஊரும் பேரும் எந்தப் பக்கத்துப் புத்தகத்திலும் இல்லை.

திருச்சி விமான நிலையத்தில் தினமும் கோலாலம்பூர் விமானமும் சிங்கப்பூர் விமானமும் இறங்குகின்றன. மலேசியத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சமயபுரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களில் பலருடைய தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் அந்தப் பாதையில் கிடக்கிறார்கள். ஜங்ஷன் பக்கம் இப்படி ஒரு சுவர் இருந்தால் அவர்கள் கட்டாயம் வந்து நிற்பார்கள். இங்கே இல்லாத பெயர்களை அவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் துறை தாய்லாந்து ரயில்வேயிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம். காஞ்சனபுரிப் பாலத்தடி எஞ்சினுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைக்க அனுமதி கேட்கட்டும். நாலு வரி போதும். டோக்கியோ எஞ்சினுக்குப் பக்கத்திலும் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. அது அவர்களுடைய வீரர்களின் நினைவு என்றால், அதே சக்கரத்தின் அடியில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள் என்று மரியாதையோடு சொல்லலாம்.

திருச்சி கோட்ட ரயில்வே அதிகாரிகளுக்கும் பொன்மலைப் பணிமனைக்கும் இதைக் கடிதமாகவும் எழுதுகிறேன். வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பெயர், ஊர், கப்பலேறிய வருஷம், தோட்டத்தின் பெயர், தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி இந்த வாரமே பத்திரமாக வையுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் வீட்டுத் தாளை நான் எழுதிவிட்டேன். திதிக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.